அந்த மேசையில் யாருக்கு இடம்?



அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, 20 மாத இடைவெளியில் இரண்டு எச்சரிக்கைகளை வெளியிட்டார். 2023 மே மாதம் வந்த முதலாவது எச்சரிக்கை தனிமையைப் பற்றியது. பிறரோடு உறவின்றி வாழ்வது, நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை புகைப்பதற்கு ஒப்பாக ஆயுளைக் குறைக்கும் என்றது அது. 2025 சனவரியில் வந்த இரண்டாவது எச்சரிக்கை மதுவைப் பற்றியது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் பேருக்கு வரும் புற்றுநோய்க்கும், 20,000 பேரின் புற்றுநோய் மரணத்திற்கும் மதுவோடு தொடர்பு உண்டு என்றது அது.

இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒரு சங்கடம் எழுகிறது. ஏனெனில், மேலைநாட்டு நகரங்களில் பல தலைமுறைகளாகத் தனிமையில் தவித்த மனிதன் தேடிச் சென்ற இடம் தெருமுனையில் இருந்த பார்தான். அங்கே குடியும் இருந்தது, கூட்டுறவும் இருந்தது. இன்று அமெரிக்கர்கள் குடியைக் குறைத்து வருகின்றனர். 2025-இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், மது அருந்துவதாகச் சொன்ன வயதுவந்தோர் 54 விழுக்காட்டினர் மட்டுமே. ஏறத்தாழ 90 ஆண்டுகளாக அந்நிறுவனம் கேட்டுவரும் இக்கேள்விக்குக் கிடைத்த மிகக் குறைந்த எண்ணிக்கை இது. இது நல்ல செய்தியே. ஆனால் குடி குறையும்போது அதனோடு சேர்ந்து மேசையும் போய்விட்டால், அங்கே அமர்ந்திருந்தவர்கள் எங்கே போவார்கள்?

'பார்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். அது நியாயமானதே. குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரைக் காணாத பங்குத்தந்தை எவரும் இருக்க முடியாது. எனவே குடிக்குப் பரிந்து பேசுவது இச்சிந்தனையின் நோக்கமன்று. நியூயார்க் நகரில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கும் ஒரு சிறிய பாரின் வரலாற்றைப் பார்த்து, மனிதர் ஏன் கூடுகின்றனர், கூடும்போது யாரை விட்டுவிடுகின்றனர் என்று சிந்திப்பதே நோக்கம்.

ஊரில் விட்டுவந்த வீடு

மன்ஹாட்டன் பகுதியில், கிழக்கு 7-ஆம் தெருவில், 15-ஆம் எண் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது 'மெக்சோர்லீஸ் ஓல்டு ஏல் ஹவுஸ்'. ஏல் என்பது ஒருவகைப் பீர். இதைத் தொடங்கியவர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஜான் மெக்சோர்லி. 1854-இல் தொடங்கியதாகக் கடையினர் சொல்கின்றனர். 1860-61 காலத்து நகர ஆவணங்களில் அந்த மனை காலியாக இருந்ததாகப் பதிவு உள்ளதால், ஆய்வாளர்களிடையே இதில் ஐயம் உண்டு. எப்படியாயினும் அந்நகரின் மிகப் பழைய மதுக்கடைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1845-இல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். அதைவிட அதிகமானோர் கப்பலேறினர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நியூயார்க்கில் அவர்களுக்குக் கிடைத்தவை கடினமான கூலிவேலையும், காற்றோட்டமில்லாத நெருக்கமான அறைகளும்தாம். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்து எழும் வீட்டில், வந்தவரை உட்காரவைத்துப் பேச ஏது இடம்? தெருவில் இருந்த பார்தான் உழைப்பாளிகளின் கூடமாக இருந்தது. அங்கே வேலை பற்றிய தகவல் கிடைத்தது, ஊர்ச்செய்தி கிடைத்தது, குளிர்காலத்தில் அடுப்பின் வெப்பமும் கிடைத்தது.

மெக்சோர்லி தம் கடைக்கு முதலில் வைத்த பெயரே இதைச் சொல்கிறது. 'ஊரில் இருக்கும் நம் பழைய வீடு' என்ற பொருள் தரும் பெயர் அது. கடல் கடந்து வந்தவனின் ஏக்கம் அதில் தெரிகிறது.

அங்கே பரிமாறப்பட்டதும் மிக எளிமையானதே. ஏல், பாலாடைக்கட்டி, உப்பு பிஸ்கட், பச்சை வெங்காயம். இன்றும் தரையில் மரத்தூள் தூவப்பட்டிருக்கிறது. இன்றும் அங்கே ஏல் இரண்டே வகை: வெளிர்நிறம், கருநிறம். கேட்டால் ஒரு குவளை வராது, இரண்டிரண்டாகத்தான் வரும். ஒழுங்காக இரு, இல்லையேல் வெளியே போ என்பதே கடையின் சட்டம்.

நிலைத்தது எப்படி?

இத்தனை ஆண்டுகளில் கடை சில குடும்பங்களின் கைகளிலேயே இருந்துள்ளது. ஜான் மெக்சோர்லி 1910-இல் இறந்தார். அவருடைய மகன் பில் நடத்தினார். 1936-இல் அவர், கடையின் வாடிக்கையாளராக இருந்த டேனியல் ஓ'கானல் என்ற காவல்துறையைச் சேர்ந்தவருக்கு விற்றார். ஓ'கானல் 1939-இல் இறந்தபோது கடை அவருடைய மகள் டோரதி கிர்வானுக்கு வந்தது. பின்னர் 1977-இல், 1964 முதல் அங்கே வேலை செய்துவந்த மேத்யூ மாகர் என்ற அயர்லாந்துக்காரர் அதை வாங்கினார். அவர் 2020 சனவரியில் இறந்தார். அவ்வாண்டு மார்ச் 16 அன்று, அதாவது புனித பேட்ரிக் திருநாளுக்கு முந்தைய நாள், கொரோனா பெருந்தொற்றால் நகரின் பார்கள் அனைத்தும் மூடப்பட்டன. அந்தச் சோதனையையும் கடந்து கடை மீண்டும் திறந்தது.

இக்கடை நிலைத்ததற்குப் பழைமைமீது மக்களுக்குள்ள பற்று ஒரு காரணம். 1912-இல் ஜான் ஸ்லோன் என்ற ஓவியர் இதை வரைந்தார். 1940-இல் ஜோசப் மிட்செல் என்ற எழுத்தாளர் 'நியூயார்க்கர்' இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பலரை இங்கே வரவழைத்தது. ஆனால் பற்று மட்டும் போதாது. நகரங்களில் ஒரு கடையின் ஆயுளை அதன் வாடகையே தீர்மானிக்கிறது. மெக்சோர்லி தம் காலத்திலேயே கட்டடத்தையும் வாங்கிவிட்டார். வாடகை உயர்வால் வெளியேறும் நிலை அவருக்கு வரவில்லை.

இதற்கு எதிர்மாறான நிகழ்வு அருகிலேயே நடந்தது. பவரி என்ற சாலையில் 1973-இல் தொடங்கிய 'சிபிஜிபி' என்ற இசைக்கூடம் உலகப் புகழ் பெற்றது. வாடகைத் தகராற்றால் 2006 அக்டோபரில் அது மூடப்பட்டது. அதன் வாடகைக்கு உரிமை கொண்டிருந்தது பேராசை பிடித்த முதலாளி என்று நினைக்க வேண்டாம். வீடற்ற மனிதர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பே அது. அதற்கும் பணத்தேவை இருந்தது. நல்லவர்களுக்கும் நல்லவர்களுக்கும் இடையிலும் நிலத்தின் விலை குறுக்கே வந்து நிற்கிறது. கூடும் இடங்கள் நம் கண்முன்னே மறைவதற்கு எப்போதும் ஒரு வில்லன் தேவைப்படுவதில்லை.

ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1989-இல் எழுதிய நூலில், வீடு முதலாம் இடம், வேலைத்தலம் இரண்டாம் இடம், மனிதர் எவ்வித அழைப்பும் இன்றிக் கூடிப்பேசும் இடம் மூன்றாம் இடம் என்று வகுத்தார். தேநீர்க்கடை, முடிதிருத்தும் நிலையம், நூலகம், பார் என்று எதுவும் அந்த மூன்றாம் இடமாகலாம். அது இல்லாத ஊரில் மனிதர்கள் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்நியராகவே இருப்பார்கள் என்பது அவருடைய கவலை.

விளக்கில் தொங்கிய எலும்புகள்

இக்கடையில் பாருக்கு மேலே உள்ள பழைய விளக்கில், வான்கோழியின் கவட்டை வடிவ நெஞ்செலும்புகள் வரிசையாகத் தொங்கும். முதல் உலகப்போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் கடைசி விருந்து உண்டுவிட்டு அவற்றை மாட்டிச் சென்றனர் என்றும், திரும்பி வந்தவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டனர் என்றும், மீதமிருப்பவை திரும்பி வராதவர்களுடையவை என்றும் சொல்வர். அதனால் பல ஆண்டுகளாக யாரும் அவற்றின்மீது படிந்த தூசியைக்கூடத் தட்டவில்லை. 2011 ஏப்ரலில் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தியதால், உரிமையாளர் மாகர் தாமே அவற்றைக் கழற்றித் தூசி தட்டினார்.

ஆனால் மிட்செல் 1940-இல் எழுதிய கட்டுரையில் காரணம் வேறு. திருநாட்களில் சமைத்த வான்கோழிகளின் எலும்புகளைச் சேர்த்துவைப்பது கிழவர் ஜானின் வழக்கம் என்றே அவர் எழுதுகிறார். எது சரி? இரண்டிலும் உண்மை இருக்கலாம். எலும்புகளை முதலில் யார் மாட்டியிருந்தாலும், அங்கு வந்தவர்களுக்கு இறந்துபோன இளைஞர்களை நினைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. கூடும் இடம் எதுவும் நாளடைவில் நினைவிடமாகவும் ஆகிவிடுகிறது.

மேசையில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னது வரலாற்றின் இனிய பக்கம். இனி மறுபக்கத்தையும் பார்ப்போம்.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அப்போதும் இக்கடையில் ஏல் கிடைத்தது. நிலவறையில் அது காய்ச்சப்பட்டதாகவும், அரசியல்வாதிகளும் காவல்துறையினரும் வாடிக்கையாளராக இருந்ததால் யாரும் தொடவில்லை என்றும் மிட்செல் எழுதியுள்ளார். செல்வாக்குள்ளவர் உட்காரும் கடைக்குச் சட்டம் வேறு என்பது எந்நாட்டிலும் உள்ள கதையே.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தொடக்கம் முதல் 1970 வரை அக்கடையில் பெண்களுக்கு இடமில்லை. அதைப் பெருமையாகவே விளம்பரப்படுத்தினர். நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் இல்லை என்பதே பழைய விளம்பர வாசகத்தின் சாரம். உழைத்துக் களைத்த ஆண்களுக்கு அது ஆறுதலான இடம். ஆனால் அவர்களுடைய மனைவியர் எங்கே இருந்தனர்? அதே காற்றில்லாத அறையில், கூலிப்பணத்தில் எவ்வளவு மிச்சமாக வீடு வந்துசேரும் என்று காத்திருந்தனர். மது ஒழிப்பு இயக்கத்தில் பெண்கள் முன்னணியில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அயர்லாந்திலேயே இக்கேட்டை உணர்ந்து, 1838 முதல் இலட்சக்கணக்கான மக்களைக் குடியைக் கைவிட உறுதி எடுக்கச் செய்தவர் தியோபால்டு மேத்யூ என்ற கப்புச்சின் சபைக் குரு. 1849-இல் அவர் அமெரிக்காவுக்கும் வந்து, குடியேறிய தம் மக்களிடையே அப்பணியைத் தொடர்ந்தார்.

1969 சனவரியில் பெய்த் சைடன்பர்க், கேரன் டிகுரோ என்ற இரு பெண்கள் இக்கடைக்குள் நுழைந்தனர். பெண்ணுரிமை அமைப்பைச் சேர்ந்த அவர்களுக்கு எதுவும் தர மறுக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1970 சூன் 25 அன்று நீதிபதி வால்டர் மேன்ஸ்பீல்டு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மது விற்க அரசு உரிமம் தருகிறது. அரசின் கண்காணிப்பிலேயே கடை நடக்கிறது. பொதுமக்களுக்கான அத்தகைய இடத்தில் பெண் என்பதற்காக ஒருவரைத் தடுப்பது, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்ற அரசியலமைப்பு விதிக்கு முரணானது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதைத் தொடர்ந்து 1970 ஆகஸ்டு 10 அன்று, பொது இடங்களில் பெண்களைத் தடுப்பதை ஒழிக்கும் நகரச் சட்டத்தில் மேயர் ஜான் லிண்ட்சே கையெழுத்திட்டார். பக்கத்தில் தோல்பொருள் கடை நடத்திய பார்பரா ஷாம் என்ற பெண்மணி முதல் வாடிக்கையாளராக உள்ளே சென்றார்.

இதில் நம்மைச் சிந்திக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. பெண்களை அனுமதிக்காத அந்தக் கடையின் உரிமையாளர் 1939 முதல் ஒரு பெண்தான்! டோரதி கிர்வான் தம் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எனவே தமக்குச் சொந்தமான கடைக்குள் அவரே வேலை நேரத்தில் கால்வைப்பதில்லை. கடை மூடிய பிறகே உள்ளே செல்வார். தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் ஒரு மகளை யாரும் எளிதில் குறைகூற முடியாது. அநீதியான வழக்கங்கள் கெட்ட எண்ணத்தால் மட்டும் நிலைப்பதில்லை. விசுவாசம், மரியாதை, நன்றி போன்ற நல்ல குணங்களும் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. அதனால்தான் உள்ளே இருப்பவர்களின் கண்களுக்கு அவை தெரிவதில்லை. வெளியிலிருந்து யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

கதவு திறந்ததால் வீடு இடிந்துவிட்டதா? இல்லை. மரத்தூள் அப்படியே இருந்தது. எலும்புகள் அப்படியே தொங்கின. ஏலும் வெங்காயமும் மாறவில்லை. பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை கட்ட மட்டும் மேலும் 16 ஆண்டுகள், அதாவது 1986 வரை ஆனது. சட்டம் ஒரே நாளில் கதவைத் திறந்துவிடும். வந்தவருக்கு வசதி செய்துதர மனம்தான் தாமதிக்கும். 1994-இல் மாகரின் மகள் தெரசா, பாருக்குப் பின்னால் நின்று பரிமாறிய முதல் பெண் ஆனார். எதை விட்டால் நாம் நாமாக இருக்கமாட்டோம் என்று அவர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அஞ்சினார்களோ, அதை விட்ட பிறகும் அக்கடை அதே கடையாகவே இருக்கிறது.

சில தெருக்கள் தள்ளி இன்னொரு மேசை

அந்தக் கடைக்கு ஏறத்தாழ எதிரில் உக்ரைன் நாட்டுக் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜ் ஆலயம் நிற்கிறது. சில தெருக்கள் தள்ளி, கிழக்கு 1-ஆம் தெருவிலும் 3-ஆம் தெருவிலும் 'கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின்' இல்லங்கள் உள்ளன. 1933 மே 1 அன்று பீட்டர் மோரினோடு சேர்ந்து அவ்வியக்கத்தைத் தொடங்கிய டோரதி டே, மதுக்கடைகளை நன்கு அறிந்தவர். 1917-18 குளிர்காலத்தில், இளம் பத்திரிகையாளராக, நாடக ஆசிரியர் யூஜின் ஓ'நீல் முதலான நண்பர்களோடு 'கோல்டன் ஸ்வான்' என்ற மதுக்கடையில் இரவெல்லாம் அமர்ந்திருப்பார். விடியற்காலையில், இன்னும் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கராக ஆகாத நிலையிலேயே, அருகிலிருந்த புனித யோசேப்பு ஆலயத்தின் கடைசி இருக்கையில் போய் மண்டியிடுவார்.

பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த தலைப்பு 'நெடுந்தனிமை' என்ற பொருள் தருவது. அத்தனிமைக்கு மருந்தாக அவர் கண்டது சகமனிதரோடு சேர்ந்து வாழும் வாழ்வு. அவருடைய இல்லங்களின் மேசையில் சூப்பும் ரொட்டியும் காப்பியும் இருந்தன, மது இல்லை. குடியால் வீதிக்கு வந்தவர்களே அங்கே பெரும்பாலும் விருந்தினர். கிழக்கு 3-ஆம் தெருவின் இல்லம் வீடற்ற பெண்களுக்காகவே திறக்கப்பட்டது. அங்கேதான் அவர் 1980 நவம்பர் 29 அன்று இறந்தார். அவரைப் புனிதராக உயர்த்தும் பணிக்கான ஆவணங்கள் 2021 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து உரோமைக்கு அனுப்பப்பட்டன.

ஒரே வட்டாரத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் காசு கொடுத்து அமர வேண்டும். மற்றதில் காசில்லாதவரே முதல் விருந்தினர். மனிதர் தேடுவது குவளையில் இருப்பதை மட்டுமன்று, எதிரே அமரும் முகத்தையும்தான் என்பதை இரண்டுமே காட்டுகின்றன. இரண்டாவது மேசை, மது இல்லாமலும் அது முடியும் என்பதைக் காட்டுகிறது.

நம் சிந்தனைக்கு

குடியை விடுங்கள் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். தொடர்ந்து சொல்லவும் வேண்டும். ஆனால் குடியை விட்ட மனிதன் மாலை 6 மணிக்கு எங்கே போவான் என்று கேட்கிறோமா? அவனுடைய நண்பர்கள் அனைவரும் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் அவனுக்கும் குடும்பத்துக்கும் இடையே பல ஆண்டு மௌனம் இருக்கிறது. அவனைப் பெயர்சொல்லி அழைத்து, இங்கே வந்து உட்காரு என்று சொல்லும் இடம் ஒன்று இல்லையென்றால், அவன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவான்.

அதேபோல், நம்முடைய கூட்டங்களிலும் அன்பியங்களிலும் சங்கங்களிலும் ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் கூடும்போது, "எல்லாரும் வந்துவிட்டோம்" என்று சொல்லித் தொடங்குகிறோம். மெக்சோர்லியின் கடையிலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான் நினைத்தார்கள். யார் வரவில்லை, அவர்கள் வராததற்கு நம்முடைய எந்தப் பழக்கம் காரணம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. கைம்பெண்ணா? வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியா? குடியிலிருந்து மீள முயன்றுகொண்டிருப்பவரா?

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வெளியே தனியாக நிற்கும் ஒருவரிடம் சென்று இரண்டு நிமிடம் பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போடுங்கள்.